கோபால்ட் பார்த்த கொள்ளு

நாட்றம்பள்ளியில் என் அத்தை வீட்டுத் திண்ணை மூலையில் எப்போதும் ஒரு மூட்டை கொள்ளு சாத்தியிருக்கும். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து மேட்டு நிலம் ஈரம் பிடித்ததும், அதில் கொஞ்சம் எடுத்து விசிறி, ஒரு சால் ஓட்டி மூடிவிடுவார். அதோடு சரி. தண்ணீர் பாய்ச்சுவதில்லை, உரம் வைப்பதில்லை. மார்கழிப் பனியைக் குடித்தே கொடி படர்ந்துவிடும். தை முடிவதற்குள் பிடுங்கி, களத்தில் அடித்து, தூற்றி, திரும்பவும் அதே மூலையில் மூட்டை.

போன வருஷம் விதையை மாற்றியிருந்தார். "டிப்போவுல குடுத்தாங்கப்பா, பையூர் ரெண்டு. காய் நல்லாப் புடிக்குது" என்றார். பையூர் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இடம். கோ 1 என்ற பழைய கொள்ளு ரகத்தின் விதையைக் காமா கதிரில் காட்டி, அதன் வாரிசுகளில் பொறுக்கி எடுத்ததுதான் பையூர் 2. இதைச் சொன்னதும் அத்தை புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாப்பா சொல்ற? உங்க பெரிப்பாவுக்கு வேலூர்ல கரண்ட் வெச்சாங்களே, அதா?"

அதேதான். புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைக்கும்' பழைய இயந்திரங்களின் வயிற்றில் இருக்கும் கோபால்ட் 60-தான் விதைக்குக் கதிர் காட்டும் பெட்டியிலும் இருக்கிறது.

"அப்போ இதைத் தின்னா நமக்கு ஒண்ணும் ஆவாதா?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏன் என்று விளக்க வராமல் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆறு மாதமாக அந்தக் கேள்வி என்னோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆம்பூரில், வாணியம்பாடியில், பேரணாம்பட்டில், ராணிப்பேட்டையில், தோல்ஷாப்புக் கழிவு பாய்ந்து வெளுத்துப்போன நிலங்களின் ஓரம் நடக்கும்போதெல்லாம் அது வேறு ஒரு கேள்வியாக மாறிப்போனது. ஒரு விதைக்குள் புகுந்து அதன் வம்சத்தையே மாற்றும் சக்தி மனிதன் கையில் இருக்கிறதென்றால், அது இந்த மண்ணுக்கு என்ன செய்யும்?

அரை டம்ளர் டீ

கதிர் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள். சூரியனிலிருந்து வருவதும் கதிர், நெல்லில் தலைசாய்வதும் கதிர். முதல் கதிர் இல்லாமல் இரண்டாவது கதிர் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கதிர் எல்லாம் ஒரே சாதி இல்லை. செடியைத் தொட்டு எழுப்பும் கதிர் உண்டு, சுட்டு வாட்டும் கதிர் உண்டு, உள்ளே புகுந்து உடைக்கும் கதிரும் உண்டு.

உடைக்கும் கதிரிலிருந்தே தொடங்குகிறேன். காமா கலம் என்பது பார்ப்பதற்குப் பெரிய இரும்புப் பீப்பாய் போல இருக்கும். உள்ளே தடிமனான ஈயக் கவசம், அதன் நடுவில் கோபால்ட் 60 பென்சில்கள் வட்டமாக நிற்கும். விதைப் பொட்டலத்தை மேலே இருக்கும் சிறிய உருளைக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினால், மோட்டார் அதை மெல்லக் கீழே இறக்கும். குறித்த நேரம் முடிந்ததும் தானாக மேலே வந்துவிடும். வெளிச்சம் கிடையாது, சத்தம் கிடையாது, வாசனை கிடையாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்று உண்டு. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் இந்த வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது.

கதிரின் அளவைக் 'கிரே' என்று கணக்கிடுகிறார்கள். ஒரு கிலோ பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் ஒரு கிரே. நிலக்கடலை விதைக்குக் கொடுப்பது 200, 300 கிரே. இந்த 300 ஜூல் எவ்வளவு என்று பாருங்கள்: அரை டம்ளர் டீயை ஒரு டிகிரிகூடச் சூடேற்றாது. வெளியே எடுத்த விதையைக் கையில் வைத்தால் வெதுவெதுப்புகூடத் தெரியாது. ஆனால் உடல் முழுக்க நாலைந்து கிரே ஒரே நேரத்தில் பட்டால் மனிதன் பிழைப்பது கடினம். மருத்துவமனையில் பெரியப்பாவுக்கு ஒரு நாளைக்கு 2 கிரே அளவில்தான், அதுவும் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் குறிபார்த்து வைத்தார்கள்.

அப்படியானால் விதை எப்படித் தாங்குகிறது? இரண்டு காரணம். கதிர் அதிகம் கெடுப்பது பிரிந்துகொண்டிருக்கும் செல்களை. புற்றுக்கட்டி கரைவதும் அதனால்தான், பெரியப்பாவுக்கு முடி கொட்டியதும் அதனால்தான். காய்ந்த விதைக்குள் இருக்கும் கரு உறங்குகிறது, அதன் செல்கள் பிரிவதில்லை. இரண்டாவது, கதிர் பாதி வேலையைத் தண்ணீரை வைத்துத்தான் செய்கிறது. செல்லுக்குள் இருக்கும் நீரை உடைத்து, அந்தத் துண்டுகளைக் கொண்டு மரபணுவை அடிக்கிறது. நன்றாகக் காய்ந்த விதையில் அந்த நீர் குறைவு. அதனால்தான் விதையின் ஈரப்பதத்தைச் சரிபார்த்த பிறகே கதிரில் வைக்கிறார்கள்.

அத்தை கேட்டதற்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. கோபால்டின் காமா கதிர் விதைக்குள் புகுந்து அடித்துவிட்டுப் போய்விடும், தங்குவதில்லை. டார்ச் அடித்த சுவர் விளக்கை அணைத்த பிறகு ஒளிர்வதில்லை அல்லவா, அப்படித்தான். கதிர் பட்ட விதை கதிர்வீசும் பொருளாக மாறாது. அத்தை களத்தில் அடிக்கும் கொள்ளு அந்த விதையின் பேரனுக்குப் பேரனுக்குப் பேரன். அதில் மிச்சமிருப்பது ஒரு மாற்றம் மட்டுமே.

மற்றக் கதிர்களுக்கு வேறு குணம். ஆல்ஃபா கதிர் விதையின் தோலைக்கூடத் தாண்டாது. பீட்டா கொஞ்ச தூரம் போகும். எக்ஸ் கதிர், காமாவின் உடன்பிறப்பு. நியூட்ரான் முரட்டு ஆள்: போகும் வழியெல்லாம் நெருக்கமாக உடைத்துக்கொண்டு போகும், அதனால் காமாவைவிடக் குறைந்த அளவே போதும். ஆந்திரத்தில் ஆமணக்கை நியூட்ரானில் வைத்து, 9 மாதம் நிற்க வேண்டிய செடியை 4 மாதத்தில் அறுவடைக்குக் கொண்டுவந்த 'அருணா' ரகம் 1969-ல் வெளிவந்தது.

ஆயிரத்தில் ஒன்றைத் தேடுவது

கதிர் விதையைத் திருத்துகிறது என்று எழுதுபவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. கதிர் எதையும் திருத்துவதில்லை. அது உடைக்கிறது, கண்மூடித்தனமாக. திருத்துவது வெயிலில் குனிந்து வரிசை வரிசையாகச் செடி பார்க்கும் மனிதர்கள்.

கதிர் பட்ட விதையை விதைத்தால் முதல் தலைமுறை பரிதாபமாக இருக்கும். பாதி முளைக்காது. முளைத்ததும் தாமதமாக வரும். முதல் இலை சுருங்கி, தடித்து, ஓரம் கிழிந்து, ஒரு பக்கம் வெளுத்து நிற்கும். செடி குட்டையாக இருக்கும். பூக்கும்போதுதான் உண்மையான அடி தெரியும். குரோமோசோம்கள் உடைந்து தப்பாக ஒட்டிக்கொண்டதால், மகரந்தத்தூள் உருவாகும் நேரத்தில் அவை ஜோடி சேர முடியாமல் திண்டாடும். மகரந்தத்தைக் கண்ணாடித் துண்டில் தட்டி, சாயம் போட்டுப் பார்த்தால் நல்ல மணிகள் உருண்டு சிவந்து நிற்கும், மலட்டு மணிகள் நிறமேறாமல் சுருங்கிக் கிடக்கும். அந்தச் செடியில் காய் குறையும், காய்க்குள் பருப்பும் குறையும். வளர்ச்சி தேறினாலும் இனப்பெருக்கம் தேறுவதில்லை.

அதையும் மீறிக் கிடைத்த நாலு விதையைச் செடிவாரியாகத் தனித்தனிப் பொட்டலம் கட்டி அடுத்த பட்டத்தில் விதைக்கும்போதுதான் ஒளிந்திருந்த மாற்றங்கள் வெளியே வரும். பால்போல வெளுத்த நாற்று வரும், பச்சையமே இல்லாததால் பத்து நாளில் செத்துவிடும். மஞ்சள் நாற்று வரும். கொடியாய் ஓட வேண்டியது குத்தாக நிற்கும். ஆயிரக்கணக்கான செடிகளில் பெரும்பாலானவை எதற்கும் உதவாது. எங்கோ ஒன்று, பத்து நாள் முன்னால் பூத்திருக்கும், அல்லது ஒரு கணுவில் இரண்டு காய் கூடுதலாகப் பிடித்திருக்கும். அதைக் கண்ணில் படாமல் விட்டுவிட்டால் அவ்வளவுதான். அதன் வழி வந்ததைப் பல தலைமுறை விதைத்து, குணம் நிலைக்கிறதா என்று பார்த்து, பல ஊர்களில் போட்டுப் பார்த்துத்தான் ரகமாக வெளியிடுகிறார்கள்.

எக்ஸ் கதிர் மரபை மாற்றும் என்பதை 1927-ல் அமெரிக்காவில் ஹெர்மன் முல்லர் பழ ஈயில் காட்டினார். அடுத்த ஆண்டே லூயிஸ் ஸ்டாட்லர் பார்லியிலும் மக்காச்சோளத்திலும் காட்டினார். நம் கோவை இதில் பின்தங்கவில்லை. 1930-களிலேயே கே. ராமையாவும் என். பார்த்தசாரதியும் நெல்லை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், இருந்த வசதியில், நம் ஆட்கள் இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. பிறகு டெல்லியில் கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதனும் அவர் குழுவினரும், மெக்சிகோவிலிருந்து வந்த சிவப்புக் கோதுமை சப்பாத்திக்கு ஆகவில்லை என்று மக்கள் முகம் சுளித்தபோது, அதைக் கதிரில் வைத்துப் பொன்னிற மணியாக்கி 1967-ல் 'ஷர்பதி சொனாரா'வாகக் கொடுத்தார்கள்.

நம் கதைக்கு நெருக்கமானது கடலை. நெற்றுக்கடலையைச் சாக்கில் கட்டிச் சந்தைக்கு எடுத்துப்போகும் குடும்பங்கள் திருப்பத்தூரிலும் வேலூரிலும் ஏராளம். டிராம்பே விஞ்ஞானிகள் நாட்டுக் கடலையை எக்ஸ் கதிரில் வைத்துப் பருமனான பருப்பு கொண்ட செடியைக் கண்டுபிடித்தார்கள், அது டி.ஜி.1 என்ற பெயரில் 1973-ல் வெளிவந்தது. அந்த வம்சத்துக் கலப்புகளில் பிறந்ததுதான் 1991-ல் வந்த டி.ஏ.ஜி.24. குட்டைச் செடி, குறைந்த நாள், கொத்தாகக் காய். அந்த மையம் இதுவரை 70-க்கும் மேற்பட்ட பயிர் ரகங்களைத் தந்திருக்கிறது. உலகம் முழுக்க இப்படிப் பிறந்த ரகங்கள் 3,000-ஐத் தாண்டும்.

பூக்காரம்மா அளந்து கொடுக்கும் பிச்சிப்பூவிலும் இந்தக் கதை உண்டு. விதையில் பெருக்காமல் பதியன், தண்டு வைத்தே வளர்க்கும் செடியில் புது ரகம் எடுப்பது பெரும்பாடு. பிச்சித் தண்டைக் காமா கதிரில் வைத்து எடுத்ததுதான் கோ 2 பிச்சி. ஈரோட்டு மஞ்சள் கிழங்கை எக்ஸ் கதிரில் வைத்து பவானிசாகரில் எடுத்தது பி.எஸ்.ஆர்.1. பசுமாட்டுக்குப் போடும் கோ 5 தட்டைப்பயறும் காமா வழி வந்ததே. திருச்சி வாழை ஆராய்ச்சி மையமும் டிராம்பேயும் சேர்ந்து, நம் கடைகளில் தொங்கும் கிராண்ட் நைன் வாழையிலிருந்து 'காவேரி வாமன்' என்ற குட்டை வாழையை அண்மையில் வெளியிட்டிருக்கிறார்கள். மஞ்சளைத் தேய்த்துக் குளித்து, பிச்சியைச் சூடி, கொள்ளு ரசம் வைக்கும் வீட்டில் அணு விஞ்ஞானம் எப்போதோ நுழைந்துவிட்டது. யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை, அதுதான் குறை.

இளைத்தவனுக்கு எள்ளு

எல்லாச் செடியும் ஒன்றுபோலத் தாங்காது. அமெரிக்காவின் புரூக்ஹேவனில் ஆர்னால்டு ஸ்பாரோ பல ஆண்டு உழைத்து ஒரு விதியைக் கண்டார்: குரோமோசோம் எவ்வளவு பெரிதோ, கதிருக்கு அவ்வளவு பெரிய இலக்கு. அதே இடத்தில் 1961-ல் ஒரு காட்டின் நடுவில் கதிர் மூலத்தை வைத்துப் பார்த்தார்கள். முதலில் பைன் மரங்கள் விழுந்தன, பிறகு ஓக், பிறகு புதர்கள். கடைசிவரை நின்றது கோரை இனத்துப் புல். 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது இதே கதை நிஜத்தில் நடந்தது. பக்கத்துப் பைன் காடு செம்பழுப்பாகிச் செத்தது, இடையில் நின்ற பிர்ச் மரங்கள் பல பிழைத்துக்கொண்டன.

நம் வயல் வரப்பில் இதற்கு உதாரணம் வெங்காயமும் எள்ளும். வெங்காயத்தின் குரோமோசோம் பெரியது. 60 கிரேயிலிருந்து 90 கிரே வரை காட்டினாலே அதன் குருத்து செயலிழந்துவிடும், பிறகு முளைவிடாது. நாசிக் பக்கத்து லாசல்கானில் வெங்காயத்தை மாதக்கணக்கில் முளைக்காமல் காக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எள்ளோ 400 கிரேயைத் தாண்டியும் முளைக்கிறது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். அந்த இரண்டு குட்டிப் பயிர்களையும் நினைத்தால் எனக்குத் தனி மரியாதை. மானாவாரியில் ஒன்றும் கேட்காமல் வளர்பவை.

சுட்டு வாட்டும் கதிருக்கு வருவோம். அக்கினி நட்சத்திரத்தில் வேலூர்க் கோட்டைப் பக்கம் நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் புற ஊதாக் கதிரும் கலந்து வருகிறது. அது ஆழமாகப் புகாது, ஆனால் மரபணு அதை நேராக உறிஞ்சிக்கொள்ளும். மரபணுவின் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டு ஒட்டிக்கொண்டுவிடும். நாம் குடை பிடிக்கலாம், வேப்ப மரத்தடியில் ஒதுங்கலாம். செடி நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். அதற்கு இலையில் மெழுகுப் பூச்சு, தோலில் கதிரை வடிகட்டும் நிறமிகள். இதைவிட என்னை வியக்கவைத்த ஒன்று உண்டு: வெயிலின் ஊதாக் கதிர் ஒட்டவைத்த எழுத்துகளைப் பிரித்துவிடும் நொதி ஒன்று செடியிடம் இருக்கிறது. அது வேலை செய்வதற்குச் சக்தி எடுப்பது அதே வெயிலில் உள்ள நீல ஒளியிலிருந்து. காயமும் வெயில்தான், மருந்தும் வெயில்தான். நம் உடம்பில் அந்த நொதி இல்லை.

தொட்டு எழுப்பும் கதிர், கண்ணுக்குத் தெரியும் செவ்வொளி. 1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் கீரை வகை விதைகளை வைத்துச் செய்த சோதனையில், செவ்வொளி பட்டால் முளைப்பதும், அதைவிட ஆழ்ந்த செவ்வொளி பட்டால் முளைக்காமல் நின்றுவிடுவதும் தெரிந்தது. கடைசியாகப் பட்டது எதுவோ அதன் பேச்சைத்தான் விதை கேட்டது. உழுது இரண்டு நாளில் களை குப்பென்று கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணுக்குள் உறங்கிய விதை ஏர் புரட்டும் நொடியில் வெளிச்சத்தைப் பார்த்துவிடுகிறது. செடி பகலின் நீளத்தையும் அளக்கிறது. பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் நடுராத்திரியில் விளக்கெரித்துப் பூக்கும் நாளைத் தள்ளிப்போடுவது அந்தக் கணக்கைக் குழப்பித்தான்.

செல்போன் டவரைப் பற்றியும் கேட்பீர்கள். ஆம்பூரைச் சுற்றியுள்ள தோப்புகளில் குரும்பை கொட்டினால் டவரைக் கை காட்டுவது வழக்கமாகிவிட்டது. டவர் அனுப்பும் அலையின் ஒரு துளிக்கு, மரபணுவின் ஒரு பிணைப்பை உடைக்கத் தேவையான சக்தியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது காமாவின் சாதி இல்லை. குரும்பை உதிர்வதற்குப் போரான் குறை, தண்ணீர்ப் பற்றாக்குறை, கிணற்று நீரில் ஏறிய உப்பு என்று பக்கத்திலேயே காரணங்கள் இருக்கின்றன. டவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் காலடி மண்ணைப் பார்க்க மறக்கிறோம் என்பதுதான் என் கவலை.

கதிர் இல்லாமலே உடைந்தவை

காலடி மண்ணின் கதை நாட்டுக்கே தெரிந்தது. தோல்ஷாப்புக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தோல்ஷாப்புகள் நிறைந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அதில் பதிவாகியிருக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர், சுமார் 170 விதமான ரசாயனங்கள் என்பதும் அதில் உண்டு.

பச்சைத்தோல் கெடாமலிருக்க அள்ளிப் போட்ட உப்பு, ஊறவைக்கும் தண்ணீரில் கரைந்து வெளியே வந்தது. அந்த உப்பின் சோடியம் களிமண்ணைக் குலைத்துவிடும். மழை பெய்தால் கூழ், காய்ந்தால் ஓடு. முளை அந்த ஓட்டைத் தூக்க முடியாமல் உள்ளேயே வளைந்து மடங்கிச் சாகும். குரோமியம் இன்னொரு பிரச்சினை. தோலைப் பதனிடும் குரோமியம் மூன்றாம் நிலை, ஒப்பீட்டில் சாது. ராணிப்பேட்டையில் 1995-ல் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவில் இருப்பது ஆறாம் நிலைக் குரோமியம். அது தண்ணீரில் கரையும். கந்தகச் சத்தை உள்ளே எடுக்கும் வாசல் வழியாகவே வேருக்குள் நுழையும். நுழைந்தபின் மரபணுவை அடிக்கும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் தாவரவியல் செய்முறை வகுப்பு. மூன்று டம்ளர்களின் வாயில் மூன்று வெங்காயத்தை உட்காரவைத்தோம். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் ஒரு மாணவி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் ஓடையில் மொண்ட கழிவு நீர். குழாய்த் தண்ணீரில் வேர் வெள்ளை நூலாக இறங்கியது. ஓடைத் தண்ணீரில் இறங்கிய வேர் பழுத்து, நுனி கொக்கியாக வளைந்து நின்றுவிட்டது. நுனியை வெட்டி, அமிலத்தில் நனைத்து, அசிட்டோகார்மைன் சாயம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, கட்டைவிரலால் நசுக்கி நுண்ணோக்கியில் வைத்தோம். பிரிந்து இரண்டு பக்கம் போக வேண்டிய குரோமோசோம்கள் நடுவில் பாலம்போல இழுபட்டு நின்றன. சில துண்டுகள் எந்தப் பக்கமும் சேராமல் அநாதையாகக் கிடந்தன. பாடப்புத்தகத்தில் 'எக்ஸ் கதிர் பட்ட வேர்நுனி' என்று ஒரு படம் இருந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட வித்தியாசம் தெரியவில்லை. கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்த மாணவி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, "மிஸ், நாங்க குடிக்கிற தண்ணி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். அவள் கிணற்றிலும் பாலம் இருந்தது, குறைவாக.

டிராம்பேயின் பெட்டிக்குள் ஒரு பிடி விதைக்கு ஒரே ஒரு முறை, அளந்து, கவசம் போட்டு அடி விழுகிறது. பிறகு பத்து வருஷம் அதன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நல்லதை மட்டும் வெளியே விடுகிறார்கள். பாலாற்றங்கரையில் அதே அடி தினமும், அளக்காமல், கவசமில்லாமல், செடிக்கும் மாட்டுக்கும் குழந்தைக்கும் சேர்த்து விழுந்தது. கதிருக்குப் பயப்படும் ஊர், இதற்குப் பழகிப்போயிற்று. கதிரடித்த கொள்ளைக் கண்டு முறத்தைக் கீழே வைத்த என் அத்தை, வாணியம்பாடிச் சந்தைக்கு வரும் கீரை எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

இனி, விதை இந்த மண்ணுக்கு என்ன செய்ய முடியும்? வியட்நாமில் மேகாங் கழிமுகத்து உப்பு நிலத்துக்காக ஐ.ஆர்.64 நெல்லைக் காமா கதிரில் வைத்து வி.என்.டி. 95-20 என்ற ரகத்தை எடுத்தார்கள். அது அந்த நாட்டின் ஏற்றுமதி நெல்லாகவே மாறியது. ஆக, உப்பு தாங்கும் செடியைத் தேடுவது பகல்கனவல்ல. கலப்பினம் செய்தால் இரண்டு ரகத்தின் குணங்களும் கலைந்துவிடும். கதிர் வழியில், கொஞ்சம் அதிர்ஷ்டமும் நிறையப் பொறுமையும் இருந்தால், ஒரு ரகத்தின் மற்ற குணங்கள் அப்படியே இருக்க ஒன்று மட்டும் மாறும். புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை நினைத்துக்கொள்கிறேன். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட்டால் எனக்கு வேறு இறங்காது. அதன் ருசி மாறாமல், முள் மாறாமல், கொஞ்சம் உப்புத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும் செடி ஒன்று கிடைத்தால் அணைக்கட்டு வட்டாரத்து விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! விரிஞ்சிபுரத்தில் பாலாற்றோரமாகவே வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோவையில் கதிர்ப்பெட்டி இருக்கிறது. நடுவில் ஒரு திட்டமும் அதற்கான பணமும்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உப்பு வேறு, குரோமியம் வேறு. குரோமியத்தைத் தாங்கிக்கொண்டு பச்சையாக நிற்கும் உணவுப் பயிரை யாராவது கண்டுபிடித்தால் அதைக் கொண்டாடக் கூடாது. செடி சாகாமல் நின்றால், அதன் உடம்பில் ஏறியது நம் தட்டுக்கு வந்துவிடும். அந்த நிலத்துக்கு முதலில் வேண்டியது கழிவை அள்ளி அகற்றுவது. அதற்கான பில் யார் பெயரில் போக வேண்டும் என்று 1996-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் திரும்பவும் சொல்லி, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழுவும் வைத்திருக்கிறது. புதுவிதை வரும்வரை பொறுங்கள் என்று எந்த ஆலையும் சொல்ல இடம் தரக் கூடாது.

உப்பு நிலத்துக்குக் கதிர் ஏற்கனவே செய்த உதவி ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து வந்த மணிலா அகத்தி, வேரில் மட்டுமல்லாமல் தண்டிலும் முடிச்சுவிட்டுக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் பசுந்தாள் செடி. ஆனால் பகல் குறுகும் மாதங்களில் விதைத்தால் சின்னதிலேயே பூத்துவிடும், மடக்கி உழத் தழை மிஞ்சாது. டிராம்பேயில் அதைக் கதிரில் வைத்து, பகல் நீளத்தைச் சட்டை செய்யாமல் தழையாகவே நிற்கும் டி.எஸ்.ஆர்.1 என்ற ரகத்தை 1994-ல் எடுத்தார்கள். சூரியக் கதிரின் கணக்கில் செடிக்கு இருந்த கெடுபிடியை இன்னொரு கதிர் தளர்த்திவிட்டது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, இப்படி ஒரு பசுந்தாளை இரண்டு மூன்று பட்டம் மடக்கி உழுதால் சோடியம் பிடித்த மண் மெல்ல மெல்லப் பொலபொலக்கத் தொடங்கும். மெதுவான வேலை. வேறு குறுக்குவழி இல்லை.

போன வாரம் நாட்றம்பள்ளிக்குப் போனேன். இந்தத் தடவை பதிலை முழுசாகச் சொன்னேன், டீ டம்ளர் கணக்கு உட்பட. அத்தை கேட்டுக்கொண்டே கொள்ளில் கல் பொறுக்கினார். பிறகு, "உங்க மாமா தங்கச்சிக்கு ஆம்பூர்கிட்ட ஒண்ணரை ஏக்கர் கெடக்குதே கண்ணு, உப்புப் பூத்து. அதுக்கு எதுனா கதிர் வெச்ச விதை இருக்குதா?" என்றார்.

அந்த மண்ணை முதலில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், குரோமியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், உப்பு மட்டும்தான் என்றால் இப்போதைக்குத் தக்கைப்பூண்டோ மணிலா அகத்தியோ போட்டு மடக்கி உழலாம் என்றேன்.

"ஏக்கருக்கு எவ்ளோ விதை?"

"தக்கைப்பூண்டுன்னா 20 கிலோ, அத்தை."

பொறுக்கிய கல்லை வாசலில் வீசிவிட்டு, போன் எங்கே என்று தேடத் தொடங்கினார்.